குழந்தையின்மையும் ஹார்மோன் கோளாறுகளும்: சென்னையில் சிகிச்சை தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் குழந்தையின்மைக்கு மருத்துவம் பார்க்கும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. வடபழனியிலிருந்து தாம்பரம் வரை எந்தச் சாலையில் போனாலும் கைக்குழந்தையின் படம் போட்ட பெயர்ப்பலகை ஒன்றாவது கண்ணில் படும். பஞ்சமாக இருப்பது, கருத்தரிக்காததற்குக் காரணம் என்ன என்பதைச் சிகிச்சையைத் தொடங்குவதற்கு முன்பே முறையாகக் கண்டறியும் பொறுமைதான். தம்பதியர் இருவரின் உடல்நிலையும் தெரியாமல் தொடங்கும் சிகிச்சையில் பணமும் வயதும் ஒருசேரக் கரைகின்றன. கீழே உள்ள பதில்கள் அந்தக் கோணத்திலிருந்தே எழுதப்பட்டவை. இவை பொதுவான விளக்கங்கள்; மருந்தின் அளவை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

திருமணமாகி எவ்வளவு நாள் பொறுத்திருந்து மருத்துவரைப் பார்க்கலாம்?

கருத்தடை எதுவும் இல்லாமல் 12 மாதங்கள் முறையாகச் சேர்ந்திருந்தும் கரு உண்டாகவில்லை என்றால் அதைக் குழந்தையின்மை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. வாழ்நாளில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இந்த நிலை வருகிறது என்பது அந்த நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்கு. பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம் போதும். 40-ஐத் தொட்டுவிட்டால் காத்திருக்கவே வேண்டாம்.

12 மாதம் என்பது நாள்காட்டியில் உள்ள மாதங்கள் அல்ல, இருவரும் ஒரே வீட்டில் இருந்த மாதங்கள். ஆடிக்குத் தாய்வீட்டுக்குப் போன நாள்கள், கணவர் துபாயிலோ கப்பலிலோ இருந்த மாதங்கள், ஒருவர் பகல் ஷிஃப்டும் மற்றவர் இரவு ஷிஃப்டுமாகப் பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போய்வந்த வாரங்கள் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தால், “கல்யாணமாகி இரண்டு வருஷம்” என்று வருபவர்களில் சிலருக்கு உண்மையில் ஐந்தாறு மாதமே தேறும். அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது மருந்தல்ல. மாதவிடாய் சீராக வரும் பெண்ணுக்கு, முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாள்களும்தான் கருத்தரிக்கும் காலம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே அந்தக் காலம் தவறாமல் உள்ளே வந்துவிடும்.

மாதவிடாய் 35 நாளுக்கு மேல் தள்ளிப்போவது, தாங்க முடியாத மாதவிடாய் வலி, முன்பு காசநோய் வந்தது, வயிற்றில் அறுவை நடந்தது, ஆணுக்குச் சிறு வயதில் விதை கீழிறங்காமல் இருந்தது, பருவ வயதுக்குப் பின் பொன்னுக்கு வீங்கி வந்து விதையும் வீங்கியது, புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், திருமணமான முதல் மாதத்திலேயே வந்தாலும் யாரும் உங்களை அவசரக்காரர் என்று சொல்ல மாட்டார்கள்.

முதலில் யாருக்குப் பரிசோதனை?

இருவருக்கும், ஒரே வாரத்தில். குழந்தையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கக் காரணம் தனியாகவோ பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. இருந்தும், புறநோயாளிப் பிரிவுக்கு வரும் கனமான கோப்புகளைப் பிரித்தால் மனைவியின் பெயரில் பத்துப் பதினைந்து ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே, சில வேளை லேப்ராஸ்கோப்பிகூட (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியே பார்ப்பது) இருக்கும். கணவரின் பெயரில் ஒரு தாளும் இருக்காது. “அவருக்கு ஒன்றும் இல்லை” என்று மாமியார் சொன்னதே அறிக்கையாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கும்.

விந்துப் பரிசோதனை மலிவானது, வலியில்லாதது, ஒரே நாளில் முடிவு தெரிவது. இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிகாமலும் விந்து வெளியேறாமல் இருந்து, ஆய்வகத்திலேயே மாதிரி கொடுப்பது நல்லது. அங்குள்ள அறையில் இயலாது என்பவர்கள் வீட்டிலேயே எடுத்து, உடல் சூடு குறையாமல் சட்டைக்குள் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். கத்திப்பாராவில் மாட்டிக்கொள்ளக்கூடியவர்கள் வீட்டருகே உள்ள ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். சாதாரண ஆணுறையில் சேகரிக்கக் கூடாது. அதில் உள்ள வழுவழுப்புப் பொருள் விந்தணுவைக் கொன்றுவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ் எல்லை இது: அளவு 1.4 மில்லி லிட்டர், ஒரு மில்லி லிட்டரில் 1.6 கோடி விந்தணுக்கள், அவற்றில் அசைபவை 42 சதவீதம், சரியான வடிவம் உள்ளவை 4 சதவீதம். “நூறில் நான்குதான் நன்றாக இருக்கிறதாம்” என்று கலங்கி வருபவர்களுக்காகவே கடைசி எண்ணைச் சொல்கிறேன். நான்கு என்பது இயல்பு. முதல் அறிக்கை குறைவாக வந்தால் அதை வைத்து முடிவெடுக்காமல் மறுபடி பார்க்க வேண்டும். ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம் பிடிப்பதால், கடும் காய்ச்சல் ஒன்று வந்துபோனாலும் அதன் பாதிப்பு அடுத்த இரண்டு மூன்று மாத அறிக்கையில் தெரியும்.

கணவருக்கு விந்தணுவே இல்லை என்று வந்திருக்கிறது. இனி வழியில்லையா?

முதலில் இரண்டு நிலைகளைப் பிரிக்க வேண்டும். விதையில் உற்பத்தி நன்றாக நடந்து, வெளியே வரும் பாதை அடைபட்டிருப்பது ஒன்று. உற்பத்தியே நடக்காமல் இருப்பது மற்றொன்று. விதையின் அளவைக் கையால் பார்ப்பதும், எஃப்எஸ்எச் (விதையைத் தூண்டும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஆகிய இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் பெரும்பாலும் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். பாதை அடைப்பு என்றால் விதையிலிருந்து ஊசி மூலம் விந்தணுவை எடுத்து, இக்சி முறையில் முட்டைக்குள் செலுத்தலாம். உற்பத்திக் குறைவு என்றால் குரோமோசோம் பரிசோதனையும் ஒய் குரோமோசோமில் சிறு இழப்பு உண்டா என்ற பரிசோதனையும் முதலில் வேண்டும். கிளைன்ஃபெல்டர் நிலையில் (ஆணுக்கு ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பது) உள்ளவர்களிலும்கூட நுண்ணோக்கி வழி அறுவையில் சிலருக்கு விந்தணு கிடைக்கிறது.

ஹார்மோன் சிகிச்சையால் உண்மையிலேயே பலன் பெறும் ஒரு சிறு கூட்டம் உண்டு. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து கட்டளை வராததால் விதை உறங்கிக்கிடப்பவர்கள் அவர்கள். மீசை அரும்பாமல், குரல் உடையாமல், பருவமே தாமதித்திருக்கும். அவர்களில் சிலருக்குப் பிறவியிலிருந்தே மல்லிகைக்கும் சாம்பாருக்கும் வாசனை தெரியாது. அது கால்மன் நோய்க்குறி. அந்தக் கட்டளையின் வேலையைச் செய்யும் எச்சிஜி, எஃப்எஸ்எச் ஊசிகளைப் பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கும் மேல், தொடர்ந்தால் அவர்களில் பலருக்கு விந்தணு உருவாகிறது. மூக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்காததால் இவர்கள் நேராகத் தானம் பெற்ற விந்தணுவுக்கு அனுப்பப்படுவது வருத்தத்துக்குரியது.

ஜிம்மில் கொடுக்கும் ஊசிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து ஏற்றினால் பிட்யூட்டரி தன் வேலையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தியும் நின்றுபோகும். “ஆண்மைக் குறைவு” என்று மருந்துக்கடையில் சொல்லி வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஊசிக்கும் இதே விளைவுதான். நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு உற்பத்தி திரும்பிவிடும். ஆனால் மாதங்கள் ஆகும்.

ஹார்மோன் பரிசோதனைக்கு எந்த நாளில் ரத்தம் கொடுக்க வேண்டும்?

முட்டை வளர்ச்சியோடு தொடர்புடைய ஹார்மோன்களான எஃப்எஸ்எச், எல்எச், எஸ்ட்ராடியால் மூன்றும் மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள். ஏஎம்எச்சுக்கும் (சினைப்பையில் மீதமுள்ள முட்டைகளின் எண்ணிக்கையை ஊகிக்க உதவும் ஹார்மோன்) தைராய்டுக்கும் எந்த நாளும் சரி. முட்டை வெளிவந்ததா என்று காட்டும் புரொஜெஸ்டிரோனை எல்லோருக்கும் “21-ஆம் நாள்” என்று எழுதிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும். 35 நாளுக்கு ஒருமுறை வருபவர் 28-ஆம் நாள் கொடுக்க வேண்டும். அதாவது, அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு.

பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டின் கொஞ்சம் தந்திரக்காரப் பரிசோதனை. தூங்கி எழுந்தவுடனும், ஊசிக்குப் பயந்து பதற்றத்தில் இருக்கும்போதும் அது உயரும். அதைவிட முக்கியமாக, நம் ஊரில் “கேஸ் மாத்திரை” என்று எழுதப்படும் பல கூட்டு மாத்திரைகளில் டாம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்திருக்கும். இரண்டுமே புரோலாக்டினை ஏற்றும். மாதவிடாய் நின்று, மார்பில் பால் கசிந்து, தலைக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லும் கட்டத்தில் அட்டையைப் புரட்டிப் பார்த்தால் காரணம் வயிற்று மாத்திரையாக இருப்பதுண்டு. ஆகவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும், லேகியம், சூரணம் உட்பட, கையோடு கொண்டு வாருங்கள். முடி கொட்டுவதற்காக பயோட்டின் சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும். அது தைராய்டு முதலிய பல பரிசோதனைகளின் எண்ணைத் தப்பாகக் காட்ட வல்லது. மனநலத்துக்கோ வலிப்புக்கோ எடுக்கும் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

பிட்யூட்டரியில் உண்மையிலேயே புரோலாக்டின் கட்டி இருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் வாரம் ஒன்றிரண்டு முறை சாப்பிடும் காபர்கோலின் மாத்திரையிலேயே அது சுருங்கி, மாதவிடாயும் திரும்பிவிடும்.

எனக்கு நீர்க்கட்டி இருக்கிறது என்கிறார்கள். அதை அகற்றினால் குழந்தை பிறக்குமா?

ஸ்கேனில் சினைப்பையின் ஓரத்தில் மணிகள் கோத்ததுபோலத் தெரிபவை அகற்ற வேண்டிய கட்டிகள் அல்ல. அவை பாதி வளர்ந்து நின்றுவிட்ட முட்டைப் பைகள். நீர்க்கட்டி என்று பேச்சில் சொல்லப்படும் பிசிஓஎஸ், ஸ்கேனில் மட்டும் பார்த்துச் சொல்லும் நோயும் அல்ல. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி (மேலுதட்டிலும் தாடையிலும் தடித்த முடி, அல்லது ரத்தத்தில் உயர்வு), ஸ்கேனில் அல்லது ஏஎம்எச்சில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இதேபோலத் தோற்றம் காட்டும் தைராய்டு, புரோலாக்டின், அட்ரினல் (சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி) கோளாறுகள் இல்லை என்றும் உறுதி செய்ய வேண்டும். வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள்கூட ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து இந்த முத்திரையைக் குத்தக் கூடாது, ஏனெனில் அந்த வயதில் பல முட்டைப் பைகள் தெரிவது இயல்பு. பதினாறு வயதில் சொல்லப்பட்ட “நீர்க்கட்டி”யைச் சுமந்துகொண்டு, பெண் பார்க்க வருபவர்களிடமெல்லாம் மறைத்து, இருபத்தாறு வயதில் அழுதுகொண்டு வரும் பெண்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர். அவர்களில் பலர் எளிய சிகிச்சையில் கருத்தரிக்கக் கூடியவர்கள்.

உடல் எடை கூடுதலாக இருந்தால் அதில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சிலருக்கு முட்டை வளர்ச்சி தானாகத் தொடங்கிவிடுகிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோ. மூன்று வேளையும் அரிசியாக இருப்பதை ஒரு வேளையாக்கி, சுண்டலும் முட்டையும் காய்கறியும் கூட்டி, நாள்தோறும் வேகமாக நடந்தால் இது எட்டாத இலக்கு அல்ல. ஒல்லியாக இருக்கும் பிசிஓஎஸ் பெண்களிடமும் எடையைக் குறைக்கச் சொல்லும் பழக்கம் உண்டு, அதில் பொருளில்லை.

முட்டை வளர்ச்சிக்கு முதல் மருந்து இன்று லெட்ரோசோல். மாதவிடாயின் தொடக்க நாள்களில் ஐந்து நாள் சாப்பிடுவது. மருந்துக்கடையில் “இது கேன்சர் மாத்திரையாயிற்றே” என்று சொல்லக் கேட்டு, வாங்காமல் திரும்பியவர்கள் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கும் அது பயன்படுவது உண்மைதான். இந்தியாவில் 2011-இல் குழந்தையின்மைக்கு அதைத் தரக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டு, பின்னர் 2017-இல் தடை நீக்கப்பட்டது. இன்று உலக அளவிலான பிசிஓஎஸ் வழிகாட்டுதல் அதையே முதலில் தரச் சொல்கிறது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரைநோய் மாத்திரை, ரத்தச் சர்க்கரை, எடை ஆகியவற்றின் நிலையைப் பொறுத்துச் சேர்க்கப்படும்.

குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறைகூட மாதவிடாய் வராமல் விட்டால் கருப்பையின் உள்சவ்வு தடித்து, நாளடைவில் புற்றுநோய் வரை போகும் வாய்ப்பு கூடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாத்திரை கொடுத்து வரவழைப்பது அதற்காகத்தான். குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனையும் வேண்டும். நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு அரிது.

ஏஎம்எச் குறைவு, உடனே ஐவிஎஃப் செய்துவிடுங்கள் என்றார்கள். அவசரமா?

ஏஎம்எச் எண் முட்டைகளின் எண்ணிக்கையைக் குறிக்கிறது, தரத்தைக் குறிப்பதில்லை. ஐவிஎஃப் என்னும் ஆய்வகக் கருத்தரிப்பில் போடும் ஊசிக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்று ஊகிக்கத்தான் அது உதவும். 28 வயதுப் பெண்ணுக்கு ஏஎம்எச் குறைவாகவும் மாதவிடாய் சீராகவும் இருந்தால், அந்த எண்ணை மட்டும் காட்டி அவசரப்படுத்துவது நியாயமில்லை. 38 வயதில் அதே எண் வந்தால் காலத்தை வீணாக்காமல் இருப்பது நல்லது. ஆக, எண்ணைவிட வயதுதான் பெரிய செய்தி. கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது எடுத்த ஏஎம்எச் குறைவாகக் காட்டலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

34 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது. குழந்தை வேண்டாம் என்று விட்டுவிட்டேன், சிகிச்சை தேவையா?

கட்டாயம் தேவை. 40 வயதுக்கு முன் சினைப்பை செயலிழந்தால், எலும்பும் இதயமும் இயல்பைவிட 15, 20 ஆண்டுகள் கூடுதலாக ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இல்லாமல் இருக்க நேரிடும். தடை ஏதும் இல்லையென்றால் இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதாகிய 50 வரை ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை எடுப்பதே பரிந்துரை. “ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் கேன்சர் வரும்” என்ற அச்சம் 55, 60 வயதுப் பெண்களைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து வந்தது. உடலில் இருக்க வேண்டியதைத் திரும்பக் கொடுக்கும் இளம்பெண்ணுக்கு அது அப்படியே பொருந்தாது. குரோமோசோம், தைராய்டு, அட்ரினல் பரிசோதனைகளும் இந்த நிலையில் உண்டு. குழந்தை விருப்பம் பின்னர் வந்தால் தான முட்டை ஒரு வழி.

தைராய்டு இருந்தால் கரு நிற்காதா?

சரியான அளவில் மாத்திரை எடுத்தால் நிற்கும். தைராக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காபிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் காத்திருங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். நாள் தள்ளிப்போய்க் கரு உறுதியானால் அடுத்த சந்திப்பு வரை பொறுக்காமல் உடனே தெரிவியுங்கள். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

கருக்குழாய் அடைப்பு என்று எக்ஸ்ரேயில் வந்தது. காசநோய்ப் பரிசோதனை ஏன் கேட்கிறார்கள்? எனக்கு இருமலே இல்லையே?

நம் நாட்டில் கருக்குழாய் கெடுவதற்கு இனப்பெருக்க உறுப்புக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். இருமல் இருக்க வேண்டியதில்லை. பலருக்கு குழந்தையின்மையைத் தவிர வேறு அறிகுறியே இராது. கருப்பைச் சவ்விலிருந்து எடுத்த திசுவிலும், தேவையானால் லேப்ராஸ்கோப்பியிலும் தேடுவார்கள். ஒரேயொரு பரிசோதனையை மட்டும் நம்பி ஆறு மாத மருந்தைத் தொடங்குவதும் தவறு, உறுதியான பின் தயங்குவதும் தவறு. உறுதியானால் அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் மருந்து இலவசம். நோய் குணமானாலும் தழும்பேறிய குழாய் பெரும்பாலும் திறப்பதில்லை. அப்போது ஐவிஎஃப் தேவைப்படும்.

எக்ஸ்ரேயின்போது வலியால் குழாய் சுருங்கிக்கொண்டு, அடைப்புபோல் தெரிவதும் உண்டு. கருப்பையை ஒட்டிய இடத்தில் மட்டும் அடைப்பு என்றால் மறு உறுதி கேட்பதில் தவறில்லை.

தாய்மாமனைத்தான் மணந்திருக்கிறேன். அதனால்தான் குழந்தை இல்லையா?

கருத்தரிக்காததற்கு உறவுமுறைத் திருமணத்தைக் காரணமாகக் காட்டுவது பெரும்பாலும் சரியல்ல. பிறக்கும் குழந்தைக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதுதான் உண்மை. குடும்பத்தில் காது கேளாமை, வளர்ச்சிக் குறைபாடு, சிறு வயது மரணங்கள் இருந்தால் சிகிச்சைக்கு முன்பே மரபணு ஆலோசனை பெறுங்கள்.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எங்களுக்குள் இதுவரை உறவே முழுமையாக நடக்கவில்லை.

இதைச் சொல்லாமல் ஐயுஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்துவது) வரை போன தம்பதியர் உண்டு. பெண்ணுக்குத் தசை இறுகிக்கொள்ளும் வெஜினிஸ்மஸ், ஆணுக்கு விறைப்புக் குறைவு, இருவருக்கும் சேர்ந்த பயம், கூட்டுக்குடும்பத்தில் ஒரே அறையில் தாழ்ப்பாள் இல்லாத கதவு என்று காரணங்கள் பல. எல்லாவற்றுக்கும் சிகிச்சையோ தீர்வோ இருக்கிறது. கூட வந்திருக்கும் அம்மாவையும் மாமியாரையும் வெளியே இருக்கச் சொல்ல மருத்துவருக்குத் தயக்கமிருக்காது. நீங்கள் கேட்டால் போதும்.

ஐயுஐ எத்தனை முறை செய்யலாம்?

குழாய் திறந்திருந்து, விந்தணு ஓரளவு இருந்தால் மூன்று முதல் ஆறு முறை. இரண்டு குழாயும் அடைபட்டிருக்கும்போதோ, விந்தணு மிகமிகக் குறைவாக இருக்கும்போதோ ஒருமுறைகூட வேண்டாம்.

ஐவிஎஃப்பில் நாளுக்கு நாள் என்ன நடக்கும்?

மாதவிடாயின் இரண்டாம் நாள் ஸ்கேன் பார்த்து, வயிற்றுத் தோலுக்கடியில் ஊசிகள் தொடங்கும். ஏறக்குறைய 9 முதல் 12 நாள். பல ஊசிகளை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். அதாவது ஃபிரிட்ஜின் நடுத்தட்டில். உறைபெட்டியிலும் அல்ல, கதவிலும் அல்ல. மே மாதத்தில் திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் எடுத்துப் போகிறவர்கள் ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, மருந்து அதன்மேல் நேரடியாகப் படாமல் வையுங்கள்; உறைந்துபோன ஊசியும் வெயிலில் காய்ந்த ஊசியும் ஒன்றுபோலவே வீண்.

முட்டைப் பைகள் பெரும்பாலும் 17, 18 மில்லி மீட்டரை எட்டியதும், முட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசி. இதில் மட்டும் கடிகாரம் பேசும். அந்த ஊசிக்கு ஏறக்குறைய 36 மணி நேரம் கழித்து முட்டையை எடுக்க வேண்டும். சனி இரவு 8 மணிக்குப் போட்டால் திங்கள் காலை 8 மணி. திங்கட்கிழமை ராகுகாலம் 7.30 முதல் 9 வரை என்பதால் பெரியவர்கள் தள்ளிவைக்கச் சொல்வார்கள். தாமதித்தால் முட்டைப் பைகள் உள்ளேயே உடைந்து முட்டைகள் வெளியேறிவிடும், பிறகு எடுப்பதற்கு ஒன்றும் இராது. நம்பிக்கை உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் கடைசி ஊசியின் நேரத்தையே சற்று மாற்றிக் குறித்துத் தருவதில் சிரமமில்லை. ஊசி போட்ட பிறகு சொல்வதால்தான் சிக்கல்.

மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் முட்டை எடுப்பது சிறிது நேர வேலை. மாலைக்குள் வீடு திரும்பலாம். ஆய்வகத்தில் கரு மூன்று அல்லது ஐந்து நாள் வளரும். அதே சுற்றில் வைப்பதா, உறையவைத்துப் பின்னர் வைப்பதா என்பதை ஹார்மோன் அளவும் சவ்வின் நிலையும் முடிவு செய்யும்.

இந்தக் கட்டத்தில் பயப்பட வேண்டியது ஓஎச்எஸ்எஸ் எனப்படும் மிகைத் தூண்டல். வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்து, எடை ஓரிரு நாளில் கிடுகிடுவென ஏறினால் இரவு எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். கடைசி ஊசியை மாற்றியும் எல்லாக் கருக்களையும் உறையவைத்தும் இதைப் பெருமளவு தவிர்க்க முடிகிறது.

கரு வைத்த பிறகு படுத்தே இருக்க வேண்டுமா?

வேண்டாம். படுத்திருந்தால் கூடுதலாகக் கரு ஒட்டுகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. மாடிப்படியும் வேளச்சேரிப் பள்ளங்களும் கருவை உதிர்க்காது. வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனையை முந்திச் செய்து பார்க்காதீர்கள். கடைசி ஊசி எச்சிஜியாக இருந்தால் அதன் மிச்சமே இரண்டு கோடு காட்டிவிடும்.

“70 சதவீத வெற்றி” என்று விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?

எதில் 70 என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆவதா, இதயத் துடிப்பு தெரிவதா, குழந்தை கைக்கு வருவதா? சிகிச்சை தொடங்கிய எல்லோரிலுமா, கரு வைக்கும் கட்டம் வரை வந்தவர்களில் மட்டுமா? தான முட்டை பெற்றவர்களையும் சேர்த்தா? உங்கள் வயதுக்கு எவ்வளவு? சொந்த முட்டையில் 30 வயதில் இருக்கும் வாய்ப்புக்கும் 43 வயதில் இருக்கும் வாய்ப்புக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 43-க்கு மேல் அது ஒற்றை இலக்கச் சதவீதம்தான். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடத்தில் சிகிச்சை எடுங்கள்.

அரசு மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை கிடைக்குமா? காப்பீடு உண்டா?

ஆரம்பப் பரிசோதனைகள், முட்டை வளர்ச்சி மாத்திரைகள், லேப்ராஸ்கோப்பி போன்றவை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையிலும் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும் கிடைக்கின்றன. 1844-இல் தொடங்கிய எழும்பூர் மருத்துவமனையில் 2024-இல் அரசின் செயற்கைக் கருத்தரிப்பு மையமும் திறக்கப்பட்டது. பிட்யூட்டரி, அட்ரினல் சிக்கல்களுக்குச் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் தனி நாளமில்லாச் சுரப்பிப் பிரிவு இருக்கிறது. கூட்டமும் காத்திருப்பும் இருக்கும். ஆனால் காரணம் கண்டறியும் கட்டத்தை அங்கேயே முடித்துக்கொள்வதால் பெரும் செலவு மிஞ்சும்.

தனியார் காப்பீட்டுப் பாலிசிகளில் பெரும்பாலானவை குழந்தையின்மைச் சிகிச்சையை விலக்கியே வைத்திருக்கின்றன. தனியார் மையத்தில் “பேக்கேஜ்” என்றால் ஊசிகள், மயக்க மருந்து, உறையவைத்தல், இரண்டாம் முறை கரு வைத்தல் ஆகியவை அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

செயற்கைக் கருத்தரிப்புக்கும் வாடகைத் தாய் முறைக்கும் 2021-இல் இயற்றப்பட்ட இரண்டு தனிச் சட்டங்கள் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளன. செயற்கைக் கருத்தரிப்புக்குப் பெண்ணின் வயது 21 முதல் 50 வரை, ஆணின் வயது 21 முதல் 55 வரை. மையம் பதிவு பெற்றதா என்று கேட்டு, சான்றிதழைப் பாருங்கள். ஐயுஐ மட்டும் செய்யும் முதல் நிலை மையத்தில் ஐவிஎஃப் செய்யக் கூடாது. தான முட்டை, 23 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண்ணிடமிருந்து, பதிவு பெற்ற வங்கி வழியாக வர வேண்டும். அவர் வாழ்நாளில் ஒரு முறைதான் தரலாம். “என் தங்கையே தருகிறாள்” என்று நேரடியாக ஏற்பாடு செய்துகொள்ள இடமில்லை. வாடகைத் தாய்க்குப் பணம் கொடுப்பது குற்றம். மருத்துவச் செலவும் காப்பீடும் மட்டுமே கொடுக்கலாம். ஆண் கருவா பெண் கருவா என்று தேர்ந்தெடுக்க முடியுமா என்ற கேள்வியை எங்கும் கேட்க வேண்டாம்; அதுவும் குற்றம்.

“இரட்டையாக வைத்துவிடுங்கள், ஒரே செலவோடு போகும்” என்று கேட்பவர்களுக்கு: இரட்டைக் கருவில் குறைமாதப் பிரசவமும் ரத்தக் கொதிப்பும் கூடும், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆகும் செலவு மிச்சம் பிடித்ததை எல்லாம் விழுங்கிவிடும். நல்ல கரு இருந்தால் ஒன்று போதும்.

புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கப் போகிறது, இன்னும் திருமணமாகவில்லை.

மருந்து ஏற்றுவதற்கு முன்பே சொல்லுங்கள். விந்தணுவை உறையவைக்க ஒரு நாள் போதும். முட்டையை உறையவைக்க ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். மாதவிடாயின் எந்த நாளிலும் தொடங்கலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையானாலும் வேறு எதுவானாலும், உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் “இரண்டு வாரம் தள்ளலாமா” என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். பலருக்குத் தள்ளலாம் என்பதே பதில்.

உறையவைத்த கருக்களை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

சட்டப்படி பத்து ஆண்டு வரை. ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. அதைக் கட்டாமல் விட்டாலோ, பிரிவோ மரணமோ நேர்ந்தாலோ என்ன செய்ய வேண்டும் என்பது ஒப்புதல் படிவத்தில் இருக்கும். இருவரும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு மாறினாலும் கைப்பேசி எண் மாறினாலும் மையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.